பள்ளி வாசலும் பள்ளிவாசலும்

ஆகஸ்ட் மாதத்தின் கடைசி ஞாயிறு. பாரிஸின் லா ஷப்பேல் பகுதி முழுக்கக் கற்பூர வாசனை. நடுத்தெருவில் குவித்து வைத்திருக்கும் தேங்காய்களை வேட்டியை மடித்துக் கட்டிய இளைஞர்கள் மூச்சு வாங்க உடைக்கிறார்கள். நாதஸ்வரமும் தவிலும் முன்னே வர, காவடிகளும் கற்பூரச் சட்டி ஏந்திய பெண்களும் பின்னே வர, மாணிக்க விநாயகர் தேரில் அசைந்து வருகிறார். பிரெஞ்சுப் போலீஸார் தடுப்புகளை வைத்துப் போக்குவரத்தைத் திருப்பிவிட்டிருக்கிறார்கள். தெரு ஓரச் சாக்கடையில் இளநீர் ஓடுகிறது. பச்சைச் சீருடை அணிந்த மாநகரத் துப்புரவுத் தொழிலாளர்கள் துடைப்பத்துடன் பொறுமையாகக் காத்திருக்கிறார்கள். அவர்களில் பாதிப் பேர் ஆப்பிரிக்க முஸ்லிம்கள் என்று சொன்னார் என் அருகில் நின்றவர்.

அவர் காரைக்காலைச் சேர்ந்தவர். வயது ஐம்பத்தைந்து. கையில் முருங்கைக்காய், கருவாடு, ஒரு மூட்டை பொன்னி அரிசி. மாதம் இரு முறை இந்தத் தமிழ்க் கடைகளுக்கு வருகிறவர், தேர் மறித்துக்கொண்டதால் நின்றுவிட்டார். "நம்ம ஊரு மாங்கனித் திருவிழா மாதிரியே இருக்கு தம்பி. அங்க மாம்பழம், இங்க தேங்காய்" என்றார். காரைக்கால் அம்மையாருக்கு எறியும் மாம்பழத்தைச் சிறுவயதில் தாவிப் பிடித்திருக்கிறாராம். அவரை இனி பாய் என்றே குறிப்பிடுகிறேன். நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். அவர் குடும்பத்துக்கு இந்தக் கட்டுரையால் ஒரு தொந்தரவும் வரக்கூடாது.

தேர் போனதும் பாய் என்னை மேற்கே அழைத்துக்கொண்டு நடந்தார். ரயில் தண்டவாளங்களுக்கு மேலே ஒரு பாலம், அதற்கு அப்பால் கூத் தோர். 'தங்கத் துளி' என்று பொருள். ஒரு காலத்தில் இங்கிருந்த திராட்சைத் தோட்டத்தின் வெள்ளை ஒயினால் வந்த பெயர். எமிலி ஸோலா 1877இல் வெளியிட்ட 'லசோம்வார்' நாவலின் சலவைக்காரி வாழ்ந்து குடித்து அழிந்தது இந்தத் தெருக்களில்தான். இன்று அதே தெருக்களில் ஹலால் இறைச்சிக் கடைகள், செனகல் துணிக் கடைகள், அல்ஜீரிய இனிப்புகள். பார்பெஸ் மெட்ரோ நிலையத்தின் படிக்கட்டில் இளைஞர்கள் கள்ளச் சிகரெட்டை 'மார்ல்போரோ, மார்ல்போரோ' என்று நம் ஊரில் பூ விற்பதைப் போல ராகம் போட்டு விற்கிறார்கள்.

மிர்ஹா தெருவின் முனையில் பாய் நின்றார். தேர்த்தெருவிலிருந்து நடை தூரம்தான். "இங்கதான் தம்பி, ரோட்டுல பாய் விரிச்சுத் தொழுவோம்."

இந்தத் தெருவின் சிறிய பள்ளிவாசலில் வெள்ளிக்கிழமைகளில் இடம் போதாது. கூட்டம் வழிந்து தெருவுக்கு வந்தது. பல ஆண்டுகள் இப்படியே நடந்தது. 2010 டிசம்பரில் தீவிர வலதுசாரித் தலைவர் மரீன் லெ பென் இந்தத் தெருத் தொழுகையை ஓர் ஆக்கிரமிப்பு என்று வர்ணித்து, நாஜிகள் பிரான்ஸைப் பிடித்திருந்த காலத்தோடு ஒப்பிட்டார். வெறுப்பைத் தூண்டியதாக அவர்மேல் தொடர்ந்த வழக்கு 2015இல் தள்ளுபடியானது. அதற்குள், 2011 செப்டம்பரிலேயே, அரசு தெருத் தொழுகைக்குத் தடை விதித்துவிட்டது. தொழுகையாளர்கள் நகரின் வடக்கு எல்லையில் தீயணைப்புப் படை காலி செய்திருந்த ஒரு பழைய கட்டடத்துக்கு அனுப்பப்பட்டார்கள்.

தேருக்கு ஒரு சட்டம், தொழுகைக்கு ஒரு சட்டமா? சட்டென்று அப்படிக் கேட்கத் தோன்றுகிறது. அது முழுக்க நியாயமான கேள்வி அல்ல. தேர் ஆண்டுக்கு ஒரு நாள், முன் அனுமதியுடன் வருகிறது. தொழுகை வாரா வாரம் தெருவை அடைத்தது. மாடியில் குடியிருப்பவர், அவர் எந்த மதத்தவரானாலும், வெள்ளிக்கிழமை மதியம் தன் வீட்டுக்குள் நுழைய முடியாவிட்டால் எரிச்சலடையத்தான் செய்வார். இருந்தும் ஒன்று உறுத்துகிறது. தேரைப் பார்க்கும் பிரெஞ்சுக்காரர் கேமராவை எடுக்கிறார்; அது அவருக்குப் பண்பாடு. பாய் விரித்துக் குனிந்தவனைப் பார்த்தவர் அரசியல் சட்டத்தை எடுத்தார். எண்ணிக்கையில் சிறியவர்களாக, பழைய கணக்கு எதுவும் இல்லாதவர்களாக இருப்பதில் யாழ்ப்பாணத் தமிழருக்கு ஒரு வசதி இருக்கிறது. அல்ஜீரியருக்கு அந்த வசதி இல்லை.

*

பிரெஞ்சுக்காரர்களின் 'லாய்சித்தே' என்ற சொல்லைத் தமிழில் எழுத வேண்டி வந்தபோதெல்லாம் நான் யோசிக்காமல் 'மதச்சார்பின்மை' என்று போட்டிருக்கிறேன். பாரிஸில் ஒரு வாரம் திரிந்த பிறகு கை கூசுகிறது. நம் மதச்சார்பின்மையில் அரசு எல்லா வீட்டுக் கல்யாணத்துக்கும் போகும், மொய்யும் வைக்கும், கோயிலை நிர்வகிக்கும், ஹஜ் பயணத்துக்குக் குழு அமைக்கும். லாய்சித்தே எந்தக் கல்யாணத்துக்கும் போகாது. போகாதது மட்டுமல்ல, தன் வீட்டுக்குள் வருபவர் தாலியை வெளியே தெரியும்படி போட்டுக்கொண்டு வரக்கூடாது என்றும் சொல்லும். இரண்டுக்கும் ஒரே தமிழ்ச் சொல் போதாது.

அதன் வேர் 1905 டிசம்பர் 9 சட்டம். குடியரசு மனசாட்சிச் சுதந்திரத்தைக் காக்கும். எந்த மதத்தையும் அங்கீகரிக்காது, எதற்கும் சம்பளமோ மானியமோ தராது. அந்தச் சட்டம் குறிவைத்தது இஸ்லாமை அல்ல, பள்ளிக்கூடங்களையும் தேர்தல்களையும் கையில் வைத்திருந்த கத்தோலிக்கத் திருச்சபையை. நூறாண்டுச் சண்டையின் முடிவு அது. ஆசிரியர் வகுப்பில் சிலுவையைக் கழற்றியது பிரெஞ்சுக்காரருக்கு ஒரு விடுதலை. இதைப் புரிந்துகொள்ளாமல், முக்காட்டைப் பார்த்ததும் அவர்கள் ஏன் பதறுகிறார்கள் என்பதைப் புரிந்துகொள்ள முடியாது.

ஆனால் சட்டத்தின் ஓரங்களைத் தடவிப் பார்த்தால் தையல் பிரிகிறது. 1905க்கு முன் கட்டிய தேவாலயங்கள் பெரும்பாலும் அரசின் அல்லது உள்ளாட்சிகளின் சொத்து. அதனால் அவற்றைப் பழுது பார்க்கலாம். 2019இல் தீப்பிடித்து 2024 டிசம்பரில் மீண்டும் திறந்த நோத்ர் தாம் அரசின் உடைமை. மசூதிகள் பின்னால் வந்தவை. அவற்றுக்கு ஒரு சென்ட் கூடக் கிடையாது. கிழக்கே ஜெர்மன் எல்லையில் அல்சாஸ், மோசல் பகுதிகள் 1905இல் ஜெர்மனியிடம் இருந்தன. அங்கே அந்தச் சட்டமே செல்லாது. பாதிரியாருக்கும் யூத ரப்பிக்கும் இன்றும் அரசு சம்பளம் தருகிறது, இமாமுக்குத் தருவதில்லை. ஆண்டின் 11 பொது விடுமுறைகளில் 6 கிறிஸ்தவப் பண்டிகைகள். 2003இல் குடியரசுத் தலைவர் ஷிராக் அமைத்த ஸ்தாசி குழு, முக்காட்டுத் தடையோடு சேர்த்து யூதர்களின் யோம் கிப்பூருக்கும் முஸ்லிம்களின் தியாகத் திருநாளுக்கும் பள்ளி விடுமுறை விடச் சொன்னது. தடை சட்டமானது. விடுமுறை காகிதத்தோடு நின்றது.

தங்கத் துளிப் பேட்டையிலேயே இந்தச் சட்டத்தைத் தாண்ட ஒரு குறுக்கு வழி கண்டார்கள். 2013இல் மாநகராட்சி ஸ்டீஃபன்சன் தெருவில் ஓர் இஸ்லாமியப் பண்பாட்டு மையத்தைத் திறந்தது. ஓவியக் கூடத்துக்கும் வகுப்புகளுக்கும் மாநகராட்சி செலவு செய்யலாம், அது பண்பாடு. தொழுகைக்கான தளத்தை மட்டும் பாரிஸ் பெரிய மசூதியின் நிர்வாக அமைப்புக்கு விலைக்கு விற்றுவிட்டது. ஒரே கட்டடம், ஒரு மாடி குடியரசுக்கு, ஒரு மாடி அல்லாவுக்கு. நம் ஊர் ஆவண எழுத்தர்கள் பார்த்தால் மெச்சியிருப்பார்கள்.

*

பாயின் வீடு சார்செல்லில். வடக்கு ரயில் நிலையத்திலிருந்து புறநகர் ரயில். 1950களில் வீட்டுப் பஞ்சத்தைத் தீர்க்க அவசரமாக எழுப்பிய அடுக்குமாடிகள்; அந்த ஊரில் வாழ்வதால் வரும் மனச்சோர்வுக்கு 'சார்செல்லித்' என்று பத்திரிகைகள் ஒரு நோய்ப் பெயரே வைத்தன. இங்கே துனீசியாவிலிருந்து வந்த யூதர்கள், துருக்கியிலிருந்து வந்த கல்தேயக் கிறிஸ்தவர்கள், கரீபியத் தீவுக்காரர்கள், மாலி நாட்டவர், புதுச்சேரி காரைக்கால் தமிழர்கள் எல்லாரும் ஒரே மின்தூக்கியில் ஏறி இறங்குகிறார்கள். மின்தூக்கி வேலை செய்யும் நாட்களில்.

பாயின் தந்தை பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். 1962இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது ஆறு மாத அவகாசத்தில் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்தார். மகன் 1988இல் பாரிஸ் வந்து விமான நிலையத்தில் சரக்கு ஏற்றும் வேலையில் சேர்ந்தார். ஆக இந்த வீட்டில் யாரும் அகதி அல்ல, குடியேறியவரும் அல்ல. மூன்று தலைமுறைப் பிரெஞ்சுக் குடிமக்கள். தெருவில் கேட்டால் அரபிகள்.

நான் போனபோது வீட்டில் ஒரு மந்திராலோசனை நடந்துகொண்டிருந்தது. மறுநாள் பள்ளி திறக்கிறது. பதினான்கு வயது மகளின் நீளமான சாம்பல் நிறக் கவுனை அம்மா சுவரில் மாட்டி, எட்ட நின்று பார்த்தார்.

"இது கவுனா, அபாயாவா? நீங்க சொல்லுங்க அண்ணே."

எனக்குத் தெரியவில்லை. குடியரசுக்கும் தெரியுமா என்பது சந்தேகம். 2023 ஆகஸ்டில் கல்வி அமைச்சர் கப்ரியேல் அத்தால், உடலை மூடும் தளர்ந்த நீள ஆடையான அபாயாவைப் பள்ளிகளில் தடை செய்வதாக அறிவித்தார். அடுத்த மாதம் நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றமான அரசு மன்றம் அதை நிறுத்திவைக்க மறுத்தது. கடையில் விற்கும் சாதாரண நீளக் கவுனுக்கும் அபாயாவுக்கும் வித்தியாசம் துணியிலா, அணிகிறவளின் பெயரிலா என்பதுதான் பள்ளி வாசலில் எழுகிற கேள்வி. "நம்ம ஊர் கரண்டுக் கம்பத்துல மண்டை ஓடு போட்டு எழுதியிருக்குமே தம்பி, அபாயம்னு. அதுதான் இது" என்றார் பாய். மகளைத் தவிர எல்லாரும் சிரித்தோம். அவளுக்குத் தமிழ் பேச வரும், எழுத்துக் கூட்டிப் படிக்க வராது.

கடைசியில் ஜீன்ஸ் என்று முடிவானது.

பாயின் கணக்கில் இந்தக் கதை அவர் வந்த மறு வருடமே தொடங்கிவிட்டது. 1989 இலையுதிர் காலத்தில் பாரிஸுக்கு வடக்கே கிரேய் என்ற ஊரில் மூன்று மாணவிகள் முக்காட்டைக் கழற்ற மறுத்ததால் பள்ளியை விட்டு நிறுத்தப்பட்டார்கள். அரசு மன்றம் அந்த நவம்பரில் ஒரு நிதானமான கருத்துச் சொன்னது: முக்காடு தன்னளவில் லாய்சித்தேவுக்கு எதிரானதல்ல, பிறரை வற்புறுத்தினாலோ பாடத்தைக் குலைத்தாலோ நடவடிக்கை எடுக்கலாம். பதினைந்து ஆண்டுகள் அந்த நிதானம் தாக்குப்பிடித்தது. 2004 பிப்ரவரியில் நாடாளுமன்றம் 494க்கு 36 என்ற கணக்கில் அரசுப் பள்ளிகளில் பளிச்சென்று தெரியும் மதச் சின்னங்களைத் தடை செய்தது. மார்ச் 15இல் சட்டம். முக்காடு, யூதர்களின் கிப்பா, பெரிய சிலுவை. எழுதியவர்களுக்கு நினைவில்லாத ஒரு கூட்டமும் அதில் சிக்கியது. சார்செல்லிலிருந்து அதிக தூரமில்லாத பொபினியில் அந்த ஆண்டே சீக்கிய மாணவர்கள் தலைப்பாகைக்காகப் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். அப்படி நீக்கப்பட்ட ஒருவர் விஷயத்தில் பிரான்ஸ் தன் உடன்படிக்கைக் கடமையை மீறிவிட்டது என்று ஐ.நா. மனித உரிமைக் குழு 2012இல் முடிவு சொன்னது. சட்டம் மாறவில்லை.

அதே மார்ச் 15. 2022இல் கர்நாடக உயர் நீதிமன்றம் ஹிஜாப் தடையை உறுதி செய்த நாளும் அதுதான். பாய்க்கு அந்தத் தேதி மனப்பாடம். "இங்க சட்டம் வந்தப்ப ஊர்ல எல்லாரும் ஆச்சரியமாக் கேட்டாங்க தம்பி, ஸ்கூல்ல போட விடமாட்டாங்களாமேன்னு. இப்ப நான் அங்க போன் போட்டுக் கேட்கிறேன்." அந்த அக்டோபரில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் இருவர் இரு விதமாகத் தீர்ப்பளித்ததைச் சொன்னேன். தலையசைத்தார். அவர் எதிர்பார்த்த பதில் அது இல்லை என்று தெரிந்தது.

சட்டத்தை ஆதரித்தவர்கள் எல்லாரும் இஸ்லாமை வெறுத்தவர்கள் என்று நினைத்தால் தவறு. 2002இல் பாரிஸின் தெற்குப் புறநகரில் பதினேழு வயது முஸ்லிம் பெண் ஒருத்தியை ஓர் இளைஞன் குப்பைத்தொட்டி அறையில் எரித்தான், அவள் இறந்தாள். அடுத்த ஆண்டு அல்ஜீரியக் குடும்பத்தில் பிறந்த ஃபதேலா அமாராவும் தோழிகளும் அடுக்குமாடிப் பேட்டைகளில் ஆண்கள் நடத்தும் அதிகாரத்தை எதிர்த்து நாடு முழுக்க நடந்தார்கள். முக்காடு போடாத பெண்ணை மரியாதை இல்லாமல் பார்க்கும் அண்ணன்மார்கள் உண்டு என்றும், பள்ளியாவது அவளுக்கு ஒரு நிழலாக இருக்கட்டும் என்றும் சொன்ன முஸ்லிம் பெண்கள் இருந்தார்கள். பாயின் மனைவியே இதை மறுக்கவில்லை. அவர் சொன்னது வேறு. மகள் சின்ன வகுப்பில் இருந்தபோது அருங்காட்சியகச் சுற்றுலாவுக்குக் கூட வர அம்மாக்களைக் கேட்டார்கள். இவர் கையெழுத்துப் போட்டார். பிறகு பள்ளியிலிருந்து ஒரு தொலைபேசி: முக்காடு இல்லாமல் வர முடியுமா? முடியாது என்றார். அதற்குப் பிறகு எந்தச் சுற்றுலாவுக்கும் அவரைக் கேட்கவில்லை. "பிள்ளைக்கு முன்னால கேட்டிருந்தா இன்னும் அசிங்கமா இருந்திருக்கும், போன்லதானே கேட்டாங்க" என்று பள்ளிக்காக அவரே வாதாடினார். 2019 அக்டோபரில் திஜோன் நகர மாகாண மன்றத்துக்குப் பள்ளிப் பிள்ளைகளோடு போன ஒரு தாயை, முக்காட்டைக் கழற்றச் சொல்லி ஓர் உறுப்பினர் சபையில் கூச்சலிட்டார். அழும் மகனை அணைத்தபடி அந்தத் தாய் உட்கார்ந்திருந்த படம் நாடெங்கும் பரவியது. பாயின் மனைவி அந்தப் படத்தைக் கைபேசியில் இன்னும் வைத்திருக்கிறார்.

இந்தத் தடைகளுக்கு வெளியே ஒரு வாசல் உண்டு. 2004 சட்டம் தனியார் பள்ளிகளுக்குச் செல்லாது. அதனால் முக்காட்டை விட மனமில்லாத சில பெண்களைக் கத்தோலிக்கப் பள்ளிகள் சேர்த்துக்கொண்டன. அந்தப் பள்ளிகளின் ஆசிரியர்களுக்கு 1959 சட்டப்படி சம்பளம் தருவது இதே லாய்சித்தே அரசு. கன்னியாஸ்திரிகளின் பள்ளியில் முஸ்லிம் பெண்கள் முக்காட்டோடு படிப்பது நமக்குப் புதிதல்ல. பாயின் அக்காள் காரைக்காலில் அப்படித்தான் படித்தார்.

*

மறுநாள் நான் தனியாகப் பெரிய மசூதிக்குப் போனேன். தாவரவியல் தோட்டத்துக்கு எதிரே, வெள்ளைச் சுவரும் பச்சை ஓடும் 33 மீட்டர் மினாராவுமாக மொராக்கோவிலிருந்து பெயர்த்து வைத்தது போல இருக்கிறது. ஒலிபெருக்கி பாங்கு கிடையாது. ஒரு பக்கம் தொழுகை, மறு பக்கம் அத்தி மர நிழலில் சிறு கண்ணாடிக் கோப்பைகளில் புதினாத் தேநீர். தேநீர் குடிப்பவர்கள் பெரும்பாலும் சுற்றுலாப் பயணிகளும் காதலர்களும்.

மசூதிக்குக் காசு தராத அரசுதான் இதைக் கட்ட உதவியது. முதல் உலகப் போரில் பிரான்ஸுக்காகச் செத்த பல்லாயிரம் முஸ்லிம் சிப்பாய்களுக்கு நன்றியாக 1920இல் நாடாளுமன்றம் ஐந்து லட்சம் ஃபிராங்க் ஒதுக்கியது. பெயர் 'முஸ்லிம் கல்விக் கழகம்' என்பதால் 1905 சட்டம் காயப்படவில்லை. 1926 ஜூலையில் குடியரசுத் தலைவர் துமேர்க்கும் மொராக்கோ சுல்தானும் சேர்ந்து திறந்தார்கள். செத்தவனுக்கு மசூதி கொடுத்த அதே குடியரசு, அல்ஜீரியாவில் உயிரோடு இருந்தவனுக்கு வாக்குரிமை கொடுக்கவில்லை. 1865 ஏற்பாட்டின்படி ஓர் அல்ஜீரிய முஸ்லிம் முழுக் குடிமகனாக வேண்டுமானால் இஸ்லாமியத் தனிநபர் சட்டத்தைத் துறக்க வேண்டும். துறந்தவர்கள் சொற்பம். அங்கிருந்த யூதர்களுக்கோ 1870இல் ஒரே ஆணையில் குடியுரிமை கிடைத்தது. தேவாலயத்தையும் அரசையும் பிரித்த 1905 சட்டத்தை அல்ஜீரிய இஸ்லாமுக்குப் பொருத்தாமல் 1907இல் ஓர் ஆணை போட்டு, இமாம்களைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டது காலனி அரசு. லாய்சித்தேயைக் கேட்டவர்கள் அன்று முஸ்லிம்கள், மறுத்தது பிரான்ஸ்.

இந்தத் துறவு நமக்கும் தெரிந்த கதைதான். புதுச்சேரியில் 1881 ஆணைப்படி தங்கள் மரபுச் சட்டத்தை விட்டு, பிரெஞ்சுக் குடும்பப் பெயர் சூட்டிக்கொண்டவர்களை 'ரெனோன்சான்', துறந்தவர்கள், என்றார்கள். பாயின் குடும்பம் துறக்கவில்லை. அவர் இதைச் சொன்னபோது குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. பெயர் மாற்றிக்கொண்டவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இங்கே வேலை சுலபமாகக் கிடைக்கிறது என்பதையும் அவரே சேர்த்துக்கொண்டார்.

மசூதியின் முதல் தலைவர் சி கதூர் பென்கப்ரித் இங்கேயே அடக்கமாகியிருக்கிறார். நாஜிகளின் காலத்தில் சில யூதர்களுக்கு முஸ்லிம் என்று சான்று கொடுத்து மசூதி காப்பாற்றியதாகச் சொல்வார்கள். எத்தனை பேர் என்பதில் வரலாற்றாசிரியர்களுக்குள் பெரிய கருத்து வேறுபாடு உண்டு.

அங்கிருந்து நடந்தே லக்சம்பர்க் தோட்டத்தின் பக்கம் தூர்னோன் தெருவுக்குப் போனேன். பார்க்க ஒன்றுமில்லை, ஒரு வாசற்கதவு. ஹைதராபாதில் 1908இல் பிறந்த முகமது ஹமீதுல்லா பல பத்தாண்டுகள் இந்தத் தெருவில் வாழ்ந்தார். 1948இல் நிஜாமின் தரப்பில் ஐ.நா.வில் முறையிட வந்த குழுவில் இருந்தவர். அவர் பேச வந்த சமஸ்தானமே இல்லாமல் போனது. எந்த நாட்டுக் குடிமகனும் ஆகாமல் அகதித் தாளோடு இங்கேயே தங்கி, பிரெஞ்சு அரசின் ஆராய்ச்சி மையத்தில் வேலை பார்த்து, 1959இல் குர்ஆனைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்தார். பிரெஞ்சு முஸ்லிம் வீடுகளில் தலைமுறைகளாகப் புழங்கும் மொழிபெயர்ப்பு. பாயின் வீட்டு அலமாரியிலும் இருந்தது. முதுமையில் அமெரிக்கா போய் 2002இல் அங்கே இறந்தார். மொழிபெயர்ப்பில் பிழைக்கிறவன் என்பதால் அந்தக் கதவின் முன் கொஞ்சம் அதிக நேரமே நின்றேன். இந்தக் குடியரசில் சேரும்படி அவரை யாரும் வற்புறுத்தவில்லை. பிரெஞ்சு இஸ்லாமின் மொழியை அவர்தான் கொடுத்தார்.

திரும்பும் வழியில் சன் மிஷேல் பாலம். 1961 அக்டோபர் 17 இரவு, ஊரடங்கை எதிர்த்து அமைதியாக வந்த அல்ஜீரியர்களைப் பாரிஸ் போலீஸார் அடித்துக் கொன்று செய்ன் நதியில் எறிந்தார்கள். அதை நினைவூட்டும் சிறு பலகையை வைக்க 2001 வரை ஆனது. மக்கள் அதன் பக்கத்தில் நின்று நோத்ர் தாமைப் படமெடுக்கிறார்கள்.

*

பாயின் மகனுக்கு இருபத்து நான்கு வயது. கணக்கியலில் முதுகலை. ஏழு மாதமாக விண்ணப்பம் போடுகிறான். அவனிடம் ஒரு புள்ளிவிவரம் தயாராக இருந்தது. 2009இல் ஆராய்ச்சியாளர்கள் ஒரே தகுதியுள்ள இரண்டு விண்ணப்பங்களை நிறுவனங்களுக்கு அனுப்பினார்கள். இரண்டிலும் செனகல் நாட்டுக் குடும்பப் பெயர். ஒன்றில் முதல் பெயர் மரி, மற்றதில் கதீஜா. மரிக்கு நூற்றுக்கு 21 அழைப்பு, கதீஜாவுக்கு 8. தோலின் நிறம் அல்ல, பெயர்தான் இங்கே வேலை செய்தது. "பெயரைச் சுருக்கிப் போடுடான்னு வாப்பாவோட சிநேகிதர் சொல்றார்" என்றான். சுருக்கிப் போட்டானா என்று நான் கேட்கவில்லை.

பிரெஞ்சு அரசு தன் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 1872க்குப் பிறகு மதத்தைக் கேட்பதில்லை. கண்ணியமான கொள்கை. சாதியைக் கேட்காமல் விட்டால் சாதி போய்விடும் என்று நம்பிய நல்லவர்கள் நம்மிடமும் இருந்தார்கள். 2019-20இல் நடந்த மாதிரி ஆய்வில் 18 முதல் 59 வயதுள்ளவர்களில் 51 சதவீதம் பேர் மதமில்லை என்றார்கள், 29 சதவீதம் கத்தோலிக்கர், 10 சதவீதம் முஸ்லிம். தன் மதத்தை உதறிய பெரும்பான்மையின் நடுவே இன்னும் மதத்தோடு வாழ்கிற சிறுபான்மை என்பதுதான் இங்கே விசேஷமான சிக்கல். நம் நாட்டில் கோயிலுக்குப் போகிறவன் மசூதிக்குப் போகிறவனைச் சண்டை போட்டாலும் புரிந்துகொள்கிறான்.

பயத்தையும் சொல்ல வேண்டும், அது கற்பனையல்ல. 2015 நவம்பர் 13 இரவு 130 பேர் கொல்லப்பட்டார்கள். 2020 அக்டோபரில் சாமுவேல் பத்தி என்ற ஆசிரியர், வகுப்பில் கேலிச்சித்திரம் காட்டியதற்காகத் தெருவில் தலை வெட்டப்பட்டார். அந்த வாரம் மகளைப் பள்ளியில் விட்டபோது ஆசிரியைகளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை என்றார் பாய். 2015 ஜனவரியில் ஷார்லி எப்தோ அலுவலகத்துக்கு வெளியே சுடப்பட்டுச் செத்த போலீஸ்காரர் அகமது மெராபெத் முஸ்லிம். இரண்டு நாள் கழித்து யூத மளிகைக் கடையில் வாடிக்கையாளர்களைக் குளிர் அறையில் ஒளித்துவைத்த லசானா பத்திலியும் முஸ்லிம். மாலி நாட்டவரான அவருக்கு அதற்காக உடனே குடியுரிமை கொடுத்தார்கள். "அப்படி ஒண்ணு செஞ்சாத்தான் தம்பி கேள்வி கேட்காம ஏத்துக்கிறாங்க. எல்லாருக்கும் அப்படி வாய்ப்பு வருமா?" என்று கேட்டுவிட்டு, தான் கேட்டது சரியா என்று மனைவியைப் பார்த்தார்.

சாப்பாட்டுக்குப் பிறகு பேச்சு எப்படியோ அடக்கத்துக்கு வந்தது. கல்லறைகளில் மதவாரிப் பிரிவினையை 1881 சட்டம் நீக்கிவிட்டது. முஸ்லிம்களுக்கு ஒரு மூலை ஒதுக்குவது அந்தந்த மேயரின் மனதைப் பொறுத்தது. முதல் தலைமுறைக்கு இது பிரச்சினையாக இல்லை. உடல்கள் விமானத்தில் ஊருக்குப் போயின. பாயே அப்படிப் பல பெட்டிகளை ஏற்றியிருக்கிறார். 2020இல் கொரோனாவால் விமானங்கள் நின்றபோதுதான் மண் எவ்வளவு குறைவு என்று தெரிந்தது. பாயின் தந்தை காரைக்காலில் மஸ்தான் சாகிபு தர்கா இருக்கும் ஊர் மண்ணில் கிடக்கிறார். தனக்கும் அங்கேதான் என்று இத்தனை காலம் சொல்லிவந்தவர், போன ஆண்டு சார்செல் நகராட்சியில் போய் இங்கே இடம் கிடைக்குமா என்று விசாரித்திருக்கிறார். மனைவிக்கு அது அன்றுதான் தெரிந்தது. பிள்ளைகள் இங்கே இருக்கும்போது ஃபாத்திஹா ஓத யார் அங்கே வருவார்கள் என்றார். மனைவி பதில் சொல்லாமல் தட்டுகளை எடுத்துக்கொண்டு போனார்.

நான் கிளம்ப வேண்டிய நாள் மதியம் பாய் பள்ளிக்கு மகளைக் கூப்பிடப் போனார். ரயிலுக்கு நேரமிருந்ததால் நானும் போனேன். காலையில் அந்த வாசலில் நடப்பதை ஏற்கெனவே பார்த்திருந்தேன். கதவுக்குப் பத்தடி முன்னால் ஏழெட்டுப் பெண்கள் பேச்சை நிறுத்தாமலே முக்காட்டைக் கழற்றி, நான்காக மடித்துப் பையில் வைப்பார்கள். ஒரு கண்காணிப்பாளர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பார். நம் கோயில் வாசலில் செருப்பை விடுவது போல அவ்வளவு பழக்கமாகிவிட்டது.

இப்போது அது தலைகீழாக நடந்தது. மணி அடித்ததும் வெளியே வந்தவள், கூட இருந்த யூதத் தோழியிடம் கணக்குப் பரீட்சையைப் பற்றி எதையோ வேகமாகச் சொல்லிக்கொண்டே பையைத் துழாவினாள். துணி கிடைத்தது. தலையில் போட்டுக்கொண்டு, கழுத்தடியில் கை வைத்தபடி நின்றாள்.

"வாப்பா, ஊக்கு."

பாய் சட்டைப்பையிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பையில் பேனாவுக்குப் பக்கத்தில் இன்னும் நாலைந்து ஊக்குகள் வரிசையாகக் குத்தியிருந்தன.